காசை எங்கே போடுவது? ஹெட்ஃபோனும் சவுண்ட் கார்டும் வளர்ந்த கதை

போன வருடம் செமஸ்டர் லீவில் கையில் 2,000 ரூபாய் சேர்ந்திருந்தது. லேப்டாப்பில் பாட்டுக் கேட்டால் தகர டப்பாவுக்குள் யாரோ பாடுவது போலவே இருக்கிறதே என்று ஒரு கடையில் போய்க் கேட்டேன். "சவுண்ட் கார்டு போட்டாத்தான் தம்பி சரியாகும்" என்று சொல்லி, பெட்டி மேல் 7.1 என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றை 1,400 ரூபாய்க்குத் தந்தார்கள். ரூமுக்கு வந்து, ஃபோனோடு இலவசமாக வந்த பழைய இயர்ஃபோனை அதில் செருகிக் கேட்டேன். அதே தகர டப்பா. இப்போது கொஞ்சம் எதிரொலியும் சேர்ந்திருந்தது :-)

இரண்டு நாள் கழித்து ரூம்மேட்டின் ஹெட்ஃபோனை வாங்கி, அந்தக் கார்டு இல்லாமல், லேப்டாப் துளையிலேயே நேராகச் செருகினேன். இத்தனை நாள் கேட்ட பாட்டில் தபலா இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. 1,400 ரூபாய் தண்டம். ஏன் இப்படி ஆனது என்று தேட ஆரம்பித்ததுதான் இந்தப் பதிவு. காதில் மாட்டும் கருவியும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒலிப் பகுதியும் வேறு வேறு பாதையில் வளர்ந்தவை. அந்த வரலாறு முன்பே தெரிந்திருந்தால் கடைக்காரர் சொன்னதற்குத் தலையாட்டியிருக்க மாட்டேன்.

முதலில் ஹெட்ஃபோன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர் நதானியல் பால்ட்வின் 1910-ல் தான் செய்த ஹெட்ஃபோனை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பிவைத்தார். கப்பல் வயர்லெஸ்ஸில் வரும் சன்னமான மோர்ஸ் ஒலியைக் கேட்க அது நன்றாக உதவியது. கடற்படை நிறைய வேண்டும் என்றது. அவரோ, ஒரு முறைக்குப் பத்துதான் செய்து தர முடியும் என்று பதில் போட்டார். காரணம், அவருடைய தொழிற்சாலை அவர் வீட்டுச் சமையலறை! அவர் செய்தது காந்தத்துக்கு நடுவில் ஒரு சின்ன இரும்புத் தண்டு அசைந்து மெல்லிய தகட்டை ஆட்டும் வகை. காது கேட்க உதவும் கருவிகளிலும் சில இயர்ஃபோன்களிலும் அந்த வகை இன்றும் இருக்கிறது.

நாம் சாதாரணமாக வாங்குவது வேறு வகை. ஒரு மெல்லிய சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச் சுருள், பக்கத்தில் ஒரு காந்தம். கம்பியில் மின்சாரம் ஓடினால் சுருள் முன்னும் பின்னும் ஆடும், சவ்வு காற்றைத் தள்ளும். ஒலிபெருக்கி வேலை செய்யும் விதமும் இதேதான். பெர்லினில் இருந்த பேயர் நிறுவனம் 1937-ல் இதைக் காதில் மாட்டும் அளவுக்குச் சுருக்கி, டிடி 48 என்று வெளியிட்டது. இன்று 500 ரூபாய்க்கு விற்கும் ஹெட்ஃபோனைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே இருப்பது அதே சவ்வு, அதே சுருள், அதே காந்தம். கிட்டத்தட்ட 90 வருடமாக அடிப்படை மாறவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

அதுவரை ஹெட்ஃபோன் பெரும்பாலும் ஆபரேட்டர்களின் கருவி. பாட்டுக் கேட்பவர்களிடம் அது வந்ததே ஏறக்குறைய தற்செயலாகத்தான். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ் 1958-ல் ஒரு கண்காட்சிக்கு, கையில் தூக்கிச் செல்லும் ஸ்டீரியோ ரெக்கார்டு பிளேயர் ஒன்றைக் கொண்டுபோனார். ஸ்டீரியோ எப்படி இருக்கும் என்று காட்டத் துணைக்கு ஒரு ஹெட்ஃபோனும் செய்து வைத்திருந்தார். வந்தவர்கள் பிளேயரை விட்டுவிட்டு ஹெட்ஃபோனைத்தான் கேட்டார்கள். பிறகு 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர், மஞ்சள் நிறப் பஞ்சு வைத்த ஹெச்டி 414 மாடலைக் கொண்டுவந்தது. பின்பக்கம் மூடாத, காற்றுப் போய்வரும் அமைப்பு. ஒரு கோடிக்கு மேல் விற்றது.

அந்த ஹெச்டி 414-ன் மின்மறுப்பு 2,000 ஓம். இப்போது உங்கள் ஹெட்ஃபோன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் 16 அல்லது 32 ஓம் என்றுதான் இருக்கும். இந்த மாற்றத்துக்குப் பெரிய காரணம் பேட்டரி. 1979 ஜூலையில் சோனி ஜப்பானில் வாக்மேனை வெளியிட்டது. இரண்டு சின்ன பேட்டரி, மொத்தமே 3 வோல்ட். கூடவே வந்த ஹெட்ஃபோனின் எடை சுமார் 50 கிராம்தான். வீட்டுச் சுவர் மின்சாரத்தில் ஓடும் ஆம்ப்ளிஃபயர் போல வாக்மேனால் வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்க முடியாது. கணக்கு எளிது, நம்ம பன்னிரண்டாம் வகுப்பு ஃபிஸிக்ஸ்தான்: ஒரு வோல்ட் கொடுத்தால் 2,000 ஓம் ஹெட்ஃபோனுக்குப் போய்ச் சேருவது அரை மில்லிவாட். அதே ஒரு வோல்ட்டில் 32 ஓமுக்குக் கிடைப்பது 31 மில்லிவாட். அதனால் ஊர் சுற்றும் கருவிகளுக்கு ஓம் குறைந்த ஹெட்ஃபோன்கள் பழக்கமாகிவிட்டன. லேப்டாப் துளையில் செருகியதும் நம் ஹெட்ஃபோன் சத்தமாகப் பாடுகிறது என்றால் அதற்கு வாக்மேன் காலத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். ஸ்டுடியோக்களுக்கென்று செய்த 250 ஓம், 300 ஓம் ஹெட்ஃபோன்களை யாராவது செகண்ட் ஹாண்டில் மலிவாகத் தருகிறேன் என்றால் அவசரப்படாதீர்கள். தனி ஆம்ப்ளிஃபயர் வாங்கும் செலவு பின்னாலேயே வரும்.

இப்போது கம்ப்யூட்டர் பக்கம் வருவோம். இங்கே கதை தலைகீழ். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் 'பீப்' என்று கத்தும் ஒரு குட்டி ஸ்பீக்கர்தான் இருந்தது. 1987-ல் கனடாவின் கியூபெக்கில் மார்ட்டின் பிரெவெல் என்ற முன்னாள் இசைப் பேராசிரியரின் ஆட்லிப் நிறுவனம், யமஹா சிப் வைத்த ஒரு கார்டைக் கொண்டுவந்தது. வாத்திய ஒலி வந்தது, ஆனால் மனிதக் குரலையோ வெடிச் சத்தத்தையோ அப்படியே பதிவு செய்து போட அதில் வழியில்லை.

இடையில் புகுந்தவர் சிங்கப்பூரின் சிம் வோங் ஹூ. 1981-ல் அவர் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டது. ஆட்லிப்பில் இருந்த அதே யமஹா சிப், அதோடு பதிவு செய்த ஒலியை ஒலிக்கவைக்கும் வசதி, போதாததற்கு ஜாய்ஸ்டிக் செருக ஒரு துளை. ஜாய்ஸ்டிக்குக்குத் தனிக் கார்டு வாங்கும் செலவு மிச்சம். விளையாட்டு ரசிகர்கள் விடுவார்களா? 1992-ல் ஆட்லிப் திவால். அதே வருடம் கிரியேட்டிவ், அமெரிக்க நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பிடித்த முதல் சிங்கப்பூர் நிறுவனமானது.

எனக்கு முக்கியமாகப் படுவது அதே 1992-ல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16. சிடியின் அளவான 16 பிட், விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்பது அதில் வந்துவிட்டது. மனிதக் காது அதிகபட்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். 44,100 மாதிரிகள் இருந்தால் 22,050 ஹெர்ட்ஸ் வரை பிடித்துவிடலாம். ஆக, காகிதக் கணக்கில் காதுக்குத் தேவையானது அப்போதே வந்தாகிவிட்டது. மிச்சமிருந்தது இரைச்சலைக் குறைப்பதும் விலையைக் குறைப்பதும்தான்.

விலையைக் குறைத்த வேலை இன்டெலுடையது. 1997-ல் ஏசி 97 என்ற வரையறையை வெளியிட்டது. ஒரு சின்ன சிப்பை மதர்போர்டிலேயே வைத்துவிட்டால் போதும், மிச்ச வேலையை பிராசஸர் பார்த்துக்கொள்ளும். தைவானின் ரியல்டெக் போன்றவர்கள் அந்தச் சிப்பை லட்சக்கணக்கில் செய்து தள்ளினார்கள். ஆரம்பத்தில் அதன் தரம் சுமார்தான். மவுஸை நகர்த்தினால் ஹெட்ஃபோனில் 'கிர்ர்' என்று கேட்கும். 2004-ல் இன்டெல் அடுத்த வரையறையான ஹெச்டி ஆடியோவைக் கொண்டுவந்தது, தரமும் மெல்ல மெல்ல உயர்ந்தது. 2007-ல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, விளையாட்டுகளின் ஒலி வேலையைச் சவுண்ட் கார்டிடம் நேரடியாக ஒப்படைக்கும் பழைய வழியை எடுத்துவிட்டது. சவுண்ட் கார்டு வாங்கச் சாதாரண ஆளுக்கு இருந்த கடைசிக் காரணமும் அத்தோடு போயிற்று. பிறகு 2016-ல் ஆப்பிள் ஐஃபோனிலிருந்து ஹெட்ஃபோன் துளையையே எடுத்தபோது, இந்தச் சிப் விரல் நீள வயருக்குள் அடங்கிவிட்டது. இன்று ஃபோனில் செருகும் அந்த யூஎஸ்பி-சி அடாப்டர்தான் உண்மையில் ஒரு முழுச் சவுண்ட் கார்டு.

மேலே ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்குத்தான். சிப் பக்கம் பிரச்சினை தீர்ந்து, விலை விழுந்து, ஏறக்குறைய இலவசமாகவே கம்ப்யூட்டரோடு வந்துவிட்டது. சவ்வு, சுருள், காந்தம் பக்கம் அப்படி ஒரு முடிவு வரவே இல்லை. சவ்வின் கனம், கிண்ணத்தின் வடிவம், காதோடு எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகிறது என்று ஆயிரம் சில்லறை விஷயம். இயர்ஃபோனின் ரப்பர் முனை காதில் சரியாக உட்காராமல் கொஞ்சம் இடைவெளி விட்டால்கூட தபலாவின் அடி காணாமல் போய்விடும். என் 1,400 ரூபாய் போனது தீர்ந்துவிட்ட பிரச்சினைக்கு.

அதற்காக விலை கூடிய ஹெட்ஃபோன்தான் நல்லது என்றும் இல்லை. யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை எடுத்து, ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கும் விலைக்கும் தொடர்பே தென்படவில்லை என்று 2017-ல் எழுதினார். காஸ் நிறுவனம் 1984-ல் கொண்டுவந்த போர்ட்டா ப்ரோ பெரிதாக மாறாமல் இன்னும் விற்கிறது, இன்னும் பாராட்டும் வாங்குகிறது. விலையைப் பார்த்து முடிவு செய்யாமல், அளந்து போட்ட வரைபடத்தைப் பாருங்கள். முடிந்தால் நண்பன் வைத்திருப்பதை ஐந்து நிமிடம் மாட்டிக் கேளுங்கள்.

2,000 ரூபாய் மறுபடி கையில் வந்தால் நான் செய்வது இதுதான்: முழுக் காசும் வயர் வைத்த ஹெட்ஃபோனுக்கு. 7.1 என்ற எண்ணைப் பார்க்கவே மாட்டேன், எனக்கு இருப்பது இரண்டு காது. ஆன்லைன் வகுப்பு என்றால் மைக் பக்கமும் கவனம் வேண்டும். பச்சை, இளஞ்சிவப்பு என்று இரண்டு பின் உள்ள ஹெட்செட், ஒற்றைத் துளை லேப்டாப்பில் நேராகச் சேராது, இரண்டையும் சேர்க்கும் ஒரு குட்டி வயர் வேண்டும். புளூடூத் ஹெட்செட்டில் மைக்கை ஆன் செய்ததும் பாட்டின் தரம் சட்டென்று விழுவதைப் பலர் பழுது என்று நினைக்கிறார்கள். பழுது இல்லை, பழைய புளூடூத் முறையில் பேச்சும் பாட்டும் தரமாக ஒன்றாகப் போக இடமில்லை.

லேப்டாப்பில் இரைச்சல் உண்மையிலேயே கேட்டாலோ, துளை உடைந்துவிட்டாலோ மட்டும் ஒரு யூஎஸ்பி அடாப்டர். என்னுடைய 7.1 இப்போது பக்கத்து ரூம் பையனிடம் இருக்கிறது. அவன் லேப்டாப்பில் துளைக்குள் பின் முறிந்து மாட்டிக்கொண்டுவிட்டது. 200 ரூபாய்க்குக் கேட்டான், கொடுத்துவிட்டேன்.