தமிழ்நாட்டில் நெகிழ்நடை நீர்வண்ண ஓவியம்

கோட்டுக்குள் நிறத்தை அடைக்காமல், ஈரத்தாளில் நிறங்கள் தாமே கலந்து பரவ இடம்கொடுத்து, குறைந்த தூரிகை வீச்சுகளில் ஒரு காட்சியைப் பிடிக்கும் முறை நெகிழ்நடை நீர்வண்ணம். ஓவியர்கள் பேச்சில் இதற்கு ‘லூஸ் வாட்டர்கலர்’ என்று பெயர். இதில் வெள்ளை பூசுவதில்லை, தாளின் வெண்மையே வெளிச்சம். ஒருமுறை இருட்டிய இடத்தை மீண்டும் வெளுக்க வைப்பது கடினம் என்பதால், எங்கே பூசக்கூடாது என்பதைத் தூரிகை நனையும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். பார்க்க அலட்சியமாகத் தெரியும் இந்த ஓவியத்துக்குப் பின்னால் நீண்ட கோட்டுப் பயிற்சி இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு, குறிப்பாகக் காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு, நீரில் குழைத்த நிறம் புதியதல்ல. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப் பெயர்களில் ஒன்று ‘சித்திரகாரப்புலி’. ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கைலாசநாதர் கோயிலின் சிற்றறைகளில் பல்லவர் கால ஓவியங்களின் எச்சங்களை 1931-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ராய் கண்டறிந்தார். அவை சுண்ணச் சாந்தில் எழுதிய சுவரோவியங்கள். தாளில் எழுதும் நீர்வண்ணம் வேறு வழியாக, கடல் தாண்டி வந்தது.

கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். இங்கிலாந்தின் வுல்விச் ராணுவப் பள்ளியில் 1768 முதல் பால் சாண்ட்பி ஓவிய ஆசிரியராக இருந்தார். கோட்டையையும் ஆற்றையும் வரைந்து காட்டத் தெரிவது அதிகாரிக்குரிய தகுதியாகக் கருதப்பட்ட காலம் அது. 1792-இல் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் மதுரை, தஞ்சாவூர் என்று தென்னாட்டைச் சுற்றி வரைந்தார்கள். சென்னையில் ஜான் கான்ட்ஸ், அவர் மகன் ஜஸ்டினியன் கான்ட்ஸ் இருவரும் வீடுகளையும் தெருக்களையும் நீர்வண்ணத்தில் பதிவு செய்தார்கள். இவை பெரும்பாலும் இறுக்கமான, அளவு பிசகாத படங்கள். எட்வர்ட் லியரின் கை வேறு மாதிரி. வைஸ்ராய் நார்த்புரூக்கின் அழைப்பில் 1873-இல் இந்தியா வந்த அவர், மறு ஆண்டு மாமல்லபுரம், திருச்சி, தஞ்சாவூர் வந்தார். களத்தில் பென்சிலால் விரைந்து வரைந்து, எந்த இடத்தில் என்ன நிறம் என்று படத்தின் மேலேயே எழுதிவைத்துக்கொண்டு, பிறகு மையால் கோடிட்டு மெல்லிய வண்ணம் பூசுவது அவர் வழக்கம். அந்தப் படங்களில் இன்றைக்கும் காற்று ஓடுகிறது.

அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, நெடுங்காலம் கைத்தொழில் வடிவமைப்பையே முதன்மையாகக் கொண்டிருந்தது. திருப்பம் 1929-இல் வந்தது. அதன் முதல் இந்தியத் தலைவராகப் பொறுப்பேற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி, கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த சிற்பியாகவே தமிழர்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் கற்றுவந்த மரபில் நீரும் தாளும் மையமான இடம் பெற்றிருந்தன. 1903-இல் கல்கத்தா வந்த ஜப்பானிய ஓவியர்கள் யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ இருவரின் தொடர்பில் அவனீந்திரநாத் உருவாக்கிய ‘வாஷ்’ முறையில், வண்ணம் பூசிய தாளை நீரில் நனைத்து, மீண்டும் பூசி, மீண்டும் நனைப்பார்கள். அதில் பிறக்கும் மென்மூட்டமும் நெகிழ்நடையும் ஒன்றல்ல. ஆனாலும் நிறத்தை நீரிடம் ஒப்படைக்கும் துணிவு இரண்டுக்கும் பொது.

அந்தத் துணிவு சென்னையில் வேர்பிடித்ததற்கு நல்ல சான்று கே. சி. எஸ். பணிக்கர். 1911-இல் கோவையில் பிறந்து, தந்தித் துறையில் வேலை பார்த்து, 1936-இல் 25 வயதில் கலைப்பள்ளியில் சேர்ந்தவர். கேரள நீர்நிலைகளையும் தென்னந்தோப்புகளையும் அவர் தீட்டிய தொடக்ககால நீர்வண்ணங்கள் ஒளியும் ஈரமும் நிறைந்தவை. 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கம், 1957 முதல் பள்ளியின் தலைமை, 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் என்று அவர் வாழ்க்கை விரிந்தபோது, ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை அவர் அடையாளமாகிவிட்டது. தொடக்ககால நீர்வண்ணங்கள் வெறும் பயிற்சிக் கட்டமாகச் சுருக்கப்பட்டன. இது சரியான மதிப்பீடு அல்ல. இதே பள்ளியில் ராய் சௌத்ரியிடம் சிற்பம் படித்த கோபால் கோஷ், கல்கத்தா திரும்பி, இந்தியாவின் சிறந்த நீர்வண்ண நிலக்காட்சி ஓவியர்களில் ஒருவரானார்.

பொதுமக்கள் ஓவியத்தைச் சந்தித்த இடம் வார இதழ்கள். சென்னைப் பள்ளியில் படித்த ‘சில்பி’ பி. எம். சீனிவாசன் கோயில் கோயிலாகச் சென்று, சிற்பங்களின் எதிரே உட்கார்ந்து வரைந்தவை ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ ஆக வந்தன. கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்த கோபுலுவுக்கு நாலு கோட்டில் ஒரு ஆளின் நடையே வந்துவிடும். இருவரும் நெகிழ்நடைக்காரர்கள் அல்லர். ஆனால் களத்தில் பார்த்து வரைவது, வேண்டாததை விடுவது என்ற இரண்டையும் தமிழ் வாசகரின் கண்ணுக்குப் பழக்கியவர்கள் இவர்கள்தான்.

காஞ்சிபுரத்தில் ஓவியக் கைக்கு வேறொரு வேலையும் உண்டு. பட்டுச்சேலையின் கரைக்கும் முந்திக்கும் வரைந்த டிசைனைக் கட்டம் போட்ட கிராஃப் தாளுக்கு மாற்ற வேண்டும், அதிலிருந்து ஜக்கார்டு அட்டை குத்த வேண்டும். ஒரு கட்டம் தவறினால் நெசவில் பிழை விழும். கும்பகோணத்துக்காரரான வீர சந்தானம் உட்பட, கலைக்கல்லூரிகளில் படித்த பலர் நெசவாளர் சேவை மையங்களில் பணிபுரிந்தார்கள். பகலில் கட்டம் எண்ணிய கைகள் அவை. அதே கையைத் தளர்த்தித் தாளில் நீரை ஓடவிடுவது எளிதல்ல. காஞ்சிபுரத்தில் நெகிழ்நடையைக் கற்றுத்தருபவர் முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இதுதான்.

பயிற்சியை மாகறலில் வைத்தே சொல்லலாம். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், செய்யாற்றங்கரை ஊர் இது. சம்பந்தர் பாடிய திருமாகறலீசுவரர் கோயில் இங்கே உள்ளது. காலை வெயிலில் கோபுரத்தை எழுத உட்கார்ந்தால், புதிதாக வருபவர் பொம்மைகளை எண்ணத் தொடங்குவார். ஆசிரியர் கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொல்வார். விவரம் மறைந்து ஒரு வெளிச்சப் பக்கமும் ஒரு நிழல் பக்கமும் மட்டும் மிஞ்சும். நீர்த்த மஞ்சள் ஓக்கரை மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக இழுத்து, அது காயும் முன்பே வானத்தின் நீலத்தைச் சில இடங்களில் அதன் விளிம்பைத் தொடவிட வேண்டும். தொட்ட இடத்தில் கோபுரம் வானத்தில் கரையும், தொடாத இடத்தில் கூர்மையாக நிற்கும். தாளின் பளபளப்பு அடங்கும் தருணத்தில், அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த நிழலை வைக்க வேண்டும். அந்தத் தருணம் தப்பி அதிக நீர் விழுந்தால், நிறம் பின்வாங்கிக் காலிஃப்ளவர் போலப் பூத்துவிடும். கடைசியில் உலர்ந்த தூரிகையால் நாலைந்து தீற்றல். பார்ப்பவர் கண் அவற்றைச் சுதைச் சிற்பங்களாக நிரப்பிக்கொள்ளும்.

நீரின் அளவுதான் பாடத்தின் பாதி. ஆஸ்திரேலிய ஓவியர் ஜோசப் ஸ்புக்விச், தாளின் ஈரத்தையும் வண்ணத்தின் அடர்த்தியையும் பொருத்திப் பார்க்க ‘நீர்வண்ணக் கடிகாரம்’ என்ற முறையை வகுத்தார். டீ, காபி, பால், கிரீம், வெண்ணெய் என்ற பதங்களைச் சொன்னால் இங்கே யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆனால் மேலை நாட்டு நூல்கள் சொல்லும் காயும் நேரம் நமக்குப் பொருந்தாது. மே மாத வெயிலில் காஞ்சிபுரத்தில் பூச்சு முடிவதற்குள் தாள் காய்ந்துவிடும். கார்த்திகை மழையில் எவ்வளவு காத்திருந்தாலும் காயாது. வெயில் காலத்தில் தாளின் பின்புறத்தையும் நனைத்துப் பலகையில் ஒட்டிக்கொள்வதும், விடிந்ததும் வேலையைத் தொடங்குவதும் உதவும். 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள் விலை கூடுதல்தான். ஆனாலும் மெல்லிய தாளில் பத்துப் படம் எழுதுவதைவிட, நல்ல தாளைக் கால்பங்காக வெட்டி எழுதுவது அதிகம் கற்றுத்தரும்.

இன்று புனேயின் மிலிந்த் முளிக், மும்பையின் சமீர் மண்டல் போன்றோரின் படைப்புகள் வழியாகத் தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் இந்த நடைக்கு வருகிறார்கள். 2007-இல் சியாட்டிலில் கேப்ரியல் காம்பனாரியோ தொடங்கிய ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ இயக்கத்துக்குச் சென்னையிலும் குழு உண்டு. தெருவோரம் உட்கார்ந்து வரைவது மீண்டும் இயல்பாகிவருகிறது.

படம் எழுதுபவர்கள் கூடுகிறார்கள், எழுதிய படங்களைக் காப்பதுதான் நடக்கவில்லை. எண்ணெய் வண்ண ஓவியத்துக்குக் கிடைக்கும் சுவர், நீர்வண்ணத் தாளுக்குக் கிடைப்பதில்லை. வெயில் பட்டால் நிறம் வெளுக்கும், ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும், அமிலம் உள்ள அட்டையில் ஒட்டினால் தாள் பழுத்துப் பொடியும். வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ எழுதிய நீர்வண்ணம் இருந்தால், ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். அமிலமற்ற தாளுக்கு நடுவே படுக்கைவாட்டில் வைத்து, எழுதியவர் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் ஒரு தனிச் சீட்டில் எழுதி உடன் வையுங்கள்.