சம்பளச் சீட்டும் ஜீவனாம்சமும்: வடசென்னைத் தொழிற்பகுதியில் ஒரு சட்டத்தின் பயணம்

பிரிந்துபோன தந்தை பிள்ளைக்கு மாதாமாதம் பணம் தர வேண்டும் என்ற விதி வடசென்னைக்குப் புதிதல்ல. மனைவியையும் குழந்தையையும் கைவிட்டவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த, 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆவது பிரிவு வழி செய்தது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் அந்த உரிமை இருந்தது. மாதத்துக்கு 50 ரூபாய் என்றிருந்த உச்சவரம்பு 1923-இல் 100 ஆகவும், 1955-இல் 500 ஆகவும் உயர்ந்தது. தொகையைத் திருத்திய சட்டமன்றங்கள், தந்தையின் வருமானத்தை நிரூபிக்கும் பாரத்தைத் தாயின் தலையிலேயே விட்டுவைத்தன. இந்தப் பகுதியில் வழக்கின் கதியை முடிவுசெய்தது அந்த நிரூபணம்தான் என்பது என் வாதம்.

500 ரூபாய் வரம்பு வந்த 1955-இல்தான் எண்ணூரின் அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஆலை எழுந்ததும் அக்காலத்தில்தான். 1948-ஆம் ஆண்டுக் கப்பல்துறைத் தொழிலாளர் சட்டம் துறைமுகக் கூலிகளைப் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தது. பதிவேட்டில் பெயர் இருந்தால் சம்பளத்துக்குச் சான்று இருக்கும். சான்று இருந்தால் ஜப்தி செய்யலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தின் பெரும்பகுதியைத் தொடவிடாது. ஜீவனாம்சத் தீர்ப்பாணை என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு. நிரந்தரத் தொழிலாளியின் பிள்ளைக்கு இது பெரிய பிடிமானம்.

1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு 500 ரூபாயை அப்படியே வைத்திருந்தது. அது ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரம்பு என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் விளக்கிய பிறகே தாயும் பிள்ளைகளும் சற்று மூச்சு விட்டார்கள். 2001-இல் வரம்பு முற்றிலும் நீங்கியது.

ஆனால் அதற்குள் பதிவேடுகள் மெலிந்துவிட்டன. பெரம்பூர் பி அண்ட் சி ஆலை 1996-இல் மூடப்பட்டது. 2001-இல் சென்னைத் துறைமுகத்தின் கன்டெய்னர் முனையம் தனியார் கைக்குப் போனது. நிறுவனமாகவே அமைக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகமும் அதே ஆண்டு இயங்கத் தொடங்கியது. நிரந்தர வேலையின் இடத்துக்கு ஒப்பந்த வேலை வந்தது. எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சட்டம் சொன்ன நேரத்தில், எதைக் காட்டிக் கேட்பது என்ற கேள்வி கடினமாகிவிட்டது. இதை நான் தற்செயலான துயரமாக மட்டும் பார்க்கவில்லை. தொழிலாளர் கொள்கை வகுத்தவர்கள் குழந்தையைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

காசிமேட்டு விசைப்படகில் போகிறவரின் நிலை இன்னும் சிக்கல். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மிஞ்சியதில்தான் அவருக்குப் பங்கு. அதுவும் கையில் ரொக்கமாக வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அந்தப் பங்கும் கிடையாது. இந்தக் கணக்கு படகு உரிமையாளரின் நோட்டில் இருக்கும், நீதிமன்றக் கட்டில் இருக்காது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் இருதரப்பும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்றது; மனு போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்றும் சொன்னது. நிரூபணச் சுமையின் ஒரு பகுதி தந்தையின் பக்கம் நகர்ந்தது. விவசாயிகளுக்குத் தனிப் படிவம் தந்த அத்தீர்ப்பில் மீன்பிடிப் பங்குக்கென்று தனிப் படிவம் இல்லை.

உத்தரவு வந்த பிறகும் தாள் தேவை. நிலுவையை வாரண்ட் மூலம் வசூலிக்க, தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். கையில் கொடுத்த பணத்துக்குச் சாட்சி இல்லை. கொடுத்தேன் என்பார் அவர், வரவில்லை என்பார் இவர். ஸ்கூல் ஃபீஸை நேராகக் கட்டியவரும் அது ஜீவனாம்சத்தில் சேருமா என்று முன்கூட்டி எழுதிக்கொள்வதில்லை. குழந்தையின் பெயரையும் மாதத்தையும் குறித்து வங்கிக் கணக்கில் செலுத்தினால் இருவருக்குமே பாதுகாப்பு.

2024 ஜூலை 1 முதல் 125-ஆவது பிரிவின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு இருக்கிறது. அதே சன்ஹிதாவின் 94-ஆவது பிரிவின்கீழ் நீதிமன்றம் ஆவணங்களை வரவழைக்கலாம். ஒப்பந்ததாரரின் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பதிவையும் படகு உரிமையாளரின் கணக்கு நோட்டையும் முதல் வாய்தாவிலேயே கேட்டு வாங்க வேண்டும்.