கோவையிலிருந்து கிராண்ட்ஸ்லாம் வரை: கொங்குப் பகுதி டென்னிஸ் வீராங்கனைகளின் தொடக்க ஆண்டுகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகள் கப்பலேற்றும் காலர் வைத்த டி-ஷர்ட் டென்னிஸ் மைதானத்தில் பிறந்த ஆடை. பிரெஞ்சு ஆட்டக்காரர் ரெனே லகோஸ்ட் 1926இல் முழுக்கைச் சட்டையைக் கைவிட்டு, காற்றோட்டமுள்ள பின்னல் பருத்தித் துணியில் அரைக்கைச் சட்டை அணிந்து ஆடினார். 1933இல் பின்னலாடைத் தயாரிப்பாளர் ஆந்த்ரே ஜிலியேவுடன் சேர்ந்து அதையே தொழிலாக்கினார். அந்த ஆடையைத் தைத்து அனுப்பும் கொங்குப் பகுதி, உலக மைதானங்களுக்கு ஆட்டக்காரர்களையும் அனுப்பியிருக்கிறது. அவர்களுடைய தொடக்க ஆண்டுகளைத் தீர்மானித்தது எது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. திறமை உள்ளூரிலேயே உருவாயிற்று. தரவரிசைப் புள்ளி கிடைக்கும் இடம்தான் தொலைவில் இருந்தது என்பது இதன் முடிபு.

முன்னோடிகள்

விம்பிள்டனில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் லீலா ராவ், ஆண்டு 1934. ரீட்டா தாவர் 1952இல் விம்பிள்டன் சிறுமியர் இறுதிப் போட்டிவரை சென்றார். நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். இவை தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குப் பெரிய போட்டிகளில் இடமில்லாத காலத்துச் சாதனைகள். 1968இல் அந்தக் கதவு திறந்தபின், ஆட்டம் முழுநேரத் தொழிலாயிற்று. பரிசுப் பணத்தையும் பயணச் செலவையும் கணக்குப் பார்க்காமல் எவரும் மேலே ஏற முடியாது என்ற நிலை வந்தது.

நிருபமாவின் தொடக்கம்

நிருபமா வைத்தியநாதன் 1976 டிசம்பரில் கோயம்புத்தூரில் பிறந்தார். ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டுக்குக் கிரிக்கெட் ஆடிய தந்தை கே. எஸ். வைத்தியநாதனிடம் ஐந்து வயதில் டென்னிஸ் பழகத் தொடங்கினார். 14 வயதிலேயே தேசிய மகளிர் பட்டம் அவர் கைக்கு வந்தது.

வேறொரு விளையாட்டில் தேர்ந்த தந்தை மகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுப்பது அன்றைய உலகில் புதிதல்ல. ஹங்கேரியின் ஆந்திரேயா டெமெஷ்வாரிக்குக் கூடைப்பந்து வீரரான தந்தைதான் பயிற்சியாளர். 1966இல் பிறந்த அவர் 1983இல், 17 வயதில், இத்தாலிய ஓப்பன் பட்டத்தை வென்றார். வீட்டுப் பயிற்சி இருவருக்கும் பொது. வேறுபாடு நிலவியலில் இருந்தது. புடாபெஸ்ட்டும் இத்தாலியும் ஒரே கண்டத்துக்குள் இருப்பவை. கோவைப் பெண்ணுக்கோ அந்தப் பயணம் விசா, விமானச் சீட்டு, தங்குமிடம் என்று மூன்று செலவு.

தரவரிசை என்னும் ஏணி

இந்தச் செலவை ஒருமுறை செய்துவிட்டு ஓய முடியாது. மகளிர் தரவரிசை கடைசி 52 வாரங்களில் ஈட்டிய புள்ளிகளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. போன ஆண்டு இதே வாரத்தில் பெற்ற புள்ளி இந்த ஆண்டு கழிந்துவிடும். அதை ஈடுகட்ட மறுபடி பயணம் போக வேண்டும். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் 128 இடங்கள் உண்டு. அவற்றில் நூற்றுக்குச் சற்று அதிகமானவையே தரவரிசைப்படி நேரடியாகக் கிடைக்கும். எஞ்சியவை தகுதிச் சுற்றில் வென்றவர்களுக்கும் சிறப்பு அனுமதி பெற்றவர்களுக்கும் உரியவை. நிருபமா தொட்ட உச்சம் 134ஆம் இடம். நேரடி வாயிலுக்கு வெகு அருகில், ஆனால் வெளியே நிற்க வேண்டிய இடம் அது.

அந்த எல்லையில் போராடிய ஒருவர் 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை முதல் சுற்றில் வென்றார் என்பதால்தான் அவ்வெற்றிக்கு இத்தனை எடை. 1968க்குப் பிந்தைய காலத்தில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்றில் ஓர் இந்தியப் பெண் பெற்ற முதல் வெற்றி அதுவே. அதே ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையர் வெண்கலம் பெற்றார். 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் மனிஷா மல்ஹோத்ராவுடன் இரட்டையர் ஆடினார்.

ஊர் தேடி வந்த போட்டி

2005இல் சானியா மிர்சா, சொந்த ஊரான ஹைதராபாத்தில் நடந்த போட்டியிலேயே டபிள்யூடிஏ (மகளிர் டென்னிஸ் சங்கம்) ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண்ணானார். உள்நாட்டில் நடக்கும் ஒரு பெரிய போட்டி என்ன செய்யும் என்பதற்கு அதுவே சான்று.

கோவையின் மாயா ராஜேஸ்வரனின் தொடக்கமும் இதையே உறுதிசெய்கிறது. 2009இல் பிறந்த அவர், 2025 பிப்ரவரியில் மும்பை ஓப்பன் டபிள்யூடிஏ 125 போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து முன்னேறி, 15 வயதில் அரையிறுதிவரை வந்தார். அங்கே அவரை வீழ்த்திய சுவிட்சர்லாந்தின் ஜில் டைக்மான்தான் பட்டத்தையும் வென்றார். இளம் வயதினர் ஆண்டுக்கு இத்தனை தொழில்முறைப் போட்டிகளில்தான் ஆடலாம் என்று டபிள்யூடிஏ வரம்பு வைத்திருக்கிறது. சில வாய்ப்புகளே உள்ள அந்த வயதில், கடல் கடக்காமல் கிடைத்த ஒரு வாரம் பெரும் பேறு. ஆனாலும் மேற்பயிற்சிக்கு அவர் ஸ்பெயினின் மயோர்க்கா தீவிலுள்ள ரஃபா நடால் அகாடமிக்குச் செல்ல வேண்டியிருந்தது.

முடிவுரை

நிருபமாவுக்கும் மாயாவுக்கும் இடையே ஒரு தலைமுறை கடந்திருக்கிறது. இரண்டு தொடக்கங்களிலும் அடித்தளம் கோவையில்தான் அமைந்தது. மாறியது, ஏணியின் ஒரு படி இந்திய மண்ணுக்கு வந்தது மட்டுமே. நல்ல மைதானம், நிலையான புரவலர்கள், ஆண்டுதோறும் தவறாத சர்வதேசப் போட்டி ஆகிய மூன்றும் இந்தப் பகுதியிலேயே அமைய வேண்டும். ஆடை ஏற்றுமதிக்காக வெளிநாட்டு வணிகர்களை ஊருக்கே வரவழைத்த தொழில்முனைவோருக்கு, வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வரவழைப்பது எட்டாத காரியமல்ல. அப்படி ஒரு போட்டி நிலைபெற்றால், அடுத்த சிறுமி தன் முதல் தரவரிசைப் புள்ளியை வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பெறுவாள்.