கிராணியின் மிதவை

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பாட்டி பால்மரம் வெட்டியவர். பால் ஸ்டோரில் கிராணி மெட்ரோலாக் மிதவையை இறக்கி, பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணி எவ்வளவு என்று பார்ப்பார். கூலி அதைப் பொறுத்தது. "அவரு சொல்றதுதான் கணக்கு" என்பார் பாட்டி. மிதவையை அவர் கிட்டப் போய்ப் பார்த்ததே இல்லை.

நான் ஈப்போவில் சம்பளக் கணக்கு மென்பொருளைச் சோதிக்கிறேன். தானியங்கிச் சோதனைச் சட்டகங்களின் வரலாற்றிலும் இதே கேள்விதான்: சோதனையை யார் வாசிக்கலாம்? 1997இல் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் எழுதிய ஜேயூனிட்டில் சோதனையும் நிரல்தான். நிரல் தெரிந்தவரே வாசிக்க முடியும். தரவுவழிச் சட்டகங்கள் எண்களைத் தனி அட்டவணைக்கு மாற்றின. சொல்வழிச் சட்டகங்கள் படிகளையே சாதாரணச் சொற்களில் எழுதவிட்டன. நோக்கியா நெட்வொர்க்ஸில் உருவாகி 2008இல் திறமூலமாக வெளிவந்த ரோபோட் ஃபிரேம்வொர்க் அந்த வகை.

அதில் தமிழிலும் எழுதலாம். 'கூலியைக் கணக்கிடு', 'பிடித்தம் சரியா பார்' என்று எழுதினேன்.

பாட்டிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்.