கண்ணாடி சொல்லும் தீர்ப்பு

மாலை மயங்கும் நேரம். மதுரையின் மாசி வீதிகளை ஒட்டிய சந்தொன்றில், ஒரு வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள். உள்ளறையில், சுவர்க் கண்ணாடியின்முன் நிற்கிறாள் பெண். தலைக்குமேல் குழல் விளக்கு எரிகிறது. காலையில் முற்றத்து வெளிச்சத்தில் களை சொட்டிய முகம், இப்போது சாம்பல் பூத்தாற்போல் தெரிகிறது. தாய் பதறுகிறாள், இன்னும் ஒருமுறை மாவு பூசுகிறாள். கூடத்திற்கு வந்தவர்களோ, காப்பியை அருந்திவிட்டு, "எல்லாம் சரி, நிறந்தான் கொஞ்சம் மட்டு" என்று சொல்லி எழுந்து போகிறார்கள்.

காலைக்கும் மாலைக்கும் இடையே அந்தப் பெண்ணின் தோல் மாறிற்றா? இல்லை. மாறியது விளக்கு! விளக்கு செய்த வேலைக்குப் பெண் தண்டனை பெறுகிறாள். இத்தகைய வீடுகள் ஒன்றல்ல, ஆயிரம் உண்டு. ஆகவேதான் விளக்கின் வரலாற்றையும் கண்ணாடியின் வரலாற்றையும் நாம் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரவை வென்ற ஊர் மதுரை. பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் இங்கே நடந்ததை மதுரைக்காஞ்சி பேசுகிறது. பாண்டியன் நெடுஞ்செழியனைப் பற்றியது எனக் கொள்ளப்படும் நெடுநல்வாடையோ, அரண்மனையில் யவனர் செய்த பாவை விளக்கு எரிந்ததையும், பாவை ஏந்திய அகலில் நெய் வார்த்ததையும் காட்டுகிறது. அரசிக்குப் பாவை விளக்கு. குடிமகளுக்கு மண் அகல். ஆனால் இரண்டிலும் எரிந்த சுடர் ஒன்றே: மஞ்சளும் செம்மையும் கலந்த சுடர். அந்நாளில் முகம் பார்த்த ஆடியும் இன்றைய கண்ணாடி அன்று. தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய உலோகம். செம்பு கலந்த உலோகம் செம்மையைச் சற்று மிகுத்தே காட்டும். செஞ்சுடரும் உலோக ஆடியும் சேர்ந்தால் கரிய மேனி பொன்னொளி பூண்டு தெரியும்.

அந்தத் தமிழர் எந்த நிறத்தைப் போற்றினர்? மாந்தளிரின் நிறத்தை! அதற்கு 'மாமை' என்று பெயரிட்டனர். தலைவன் பிரிந்தால் தலைவியின் மாமை கெட்டு, மேனி வெளிறிப் பசலை படர்ந்ததெனப் பாடினர். வள்ளுவர் அந்தப் பசப்புக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். கருமை சார்ந்த நிறம் அழகு; வெளிறுதல் துயரின் அடையாளம். இன்று வெளிறுவதற்கே விலை கொடுத்துக் களிம்பு வாங்குகிறோம்! காலம் எவ்வளவு தலைகீழாய்ப் புரண்டிருக்கிறது பாருங்கள்.

மதுரையில் 'விளக்குத்தூண்' என்றோர் இடமுண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கோட்டைச் சுவரை இடித்து நகரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக எழுந்த விளக்குக் கம்பம் அது. தெருவுக்கு விளக்கு வந்தது. பின்னர் மண்ணெண்ணெய் வந்தது; சிம்னி விளக்கும் அரிக்கேனும் வீட்டுக்குள் நுழைந்தன. 1835இல் செருமானிய வேதியியலறிஞர் லீபிக் கண்ணாடியின்மேல் வெள்ளி படியச் செய்யும் முறையைக் கண்டார். அவ்வழியில் வளர்ந்த தொழிலால் நிலைக்கண்ணாடி மாளிகையை விட்டு இறங்கி, நாளடைவில் எளியோர் வீட்டுச் சுவருக்கும் வந்து சேர்ந்தது.

அடுத்து மின்சாரம். 1932இல் நீலமலையின் பைக்காரா நிலையமும், 1944இல் பாபநாசம் நிலையமும் இயங்கத் தொடங்கின. மலையருவியின் ஆற்றல் கம்பிவழி தென்பாண்டிச் சமவெளியில் இறங்கிற்று. முதலில் குண்டு பல்பு, பின் குழல் விளக்கு, இன்று எல்.இ.டி. ஊருக்கு முதலில் வந்த ஒளி, சேரிக்குக் கடைசியில் வந்த கொடுமையையும் நாம் மறப்பதற்கில்லை.

இவற்றால் நிறம் மாறித் தெரிவது எவ்வாறு? மாயமில்லை, மந்திரமில்லை. ஒளியின் நிறத்தை அறிவியலார் கெல்வின் அளவில் குறிப்பர். எண்ணெய்ச் சுடர் ஏறத்தாழ 1,900. குண்டு பல்பு 2,700. உச்சிவேளைச் சூரியன் ஏறத்தாழ 5,500. வெள்ளைக் குழல் விளக்கு 6,500. எண் குறையக் குறையச் செம்மை மிகும். கூடக் கூட நீலம் மிகும். நம் தோலில் மெலனின் என்னும் கருநிறமி உண்டு. அதன் அடியில் குருதி ஓடுகிறது. இவை நீலத்தையும் பச்சையையும் பெரிதும் விழுங்கி, சிவப்பைத் திருப்பி அனுப்புகின்றன. செம்மை நிறைந்த சுடரின்முன் தோல் சீராக ஒளிர்கிறது. செம்மை குறைந்த விளக்கின்கீழ், திருப்பி அனுப்பத் தோலுக்குச் சிவப்பே கிடைப்பதில்லை! முகம் மங்குகிறது, வடுவும் புள்ளியும் எடுப்பாகத் தெரிகின்றன. விளக்கு உச்சியில் இருந்தால் கண்குழியில் நிழல் விழும். பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு பருவும் மேடாகும். சாளரத்து ஒளி எதிரிலிருந்து பரவினால் அதே முகம் மென்மையாகும். கண்ணாடி பொய் சொல்லவில்லை. ஆனால் அது தோலை மட்டும் சொல்லவில்லை. தோல், விளக்கு, கண்ணாடி ஆகிய மூன்றும் கூடி எழுதிய கணக்கை அது படித்துக் காட்டுகிறது.

இந்தக் கணக்கில் ஆதிக்கம் புகுந்த கதையும் உண்டு. தொடக்கக் காலத் திரைப்படச் சுருள் சிவப்பொளியை உணராதது. சிவந்த உதடும் அதில் கறுத்தே தெரிந்தது. ஆகவே நடிகர் முகத்தில் பூச்சு அப்பப்பட்டது. வண்ணப்படம் வந்தபோது, நிறம் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய அட்டைகளில் பல்லாண்டுக் காலம் இருந்தது வெள்ளைப் பெண்ணின் முகம். 'ஷெர்லி அட்டை' என்பது அதன் பெயர். அவள் முகம் சரியாக விழுந்தால் படம் சரி! கறுப்பு மக்களின் முகம் இருட்டில் மூழ்கினால் அது எவர் குற்றம்? கருவியின் குற்றம், கருவியை அளந்தவர் மனத்தின் குற்றம். பழியோ முகத்தின்மீது விழுந்தது.

1952இல் மதுரைத் தங்கம் திரையரங்கில் 'பராசக்தி' ஓடியபோது, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பார்த்தனர். திரையிலே பூச்சிட்ட முகங்கள். எதிரே உழைத்துக் கறுத்த முகங்கள். அந்தத் திரையரங்கு இன்றில்லை. ஆனால் திரையின் நிறத்தைத் தன் நிறத்தோடு ஒப்பிட்டுக் கூசும் பழக்கம் இன்றும் நம்மிடையே இருக்கிறது.

அந்தக் கூச்சத்தை வணிகம் காசாக்கிற்று. 1975இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு கடைக்கு வந்தது. கறுப்பாயிருந்தவள் வெளுத்ததும் வேலை கிடைத்தது, மாப்பிள்ளை கிடைத்தான் என விளம்பரங்கள் கதை அளந்தன. 2014இல் இந்திய விளம்பரத் தர மன்றம், கருநிறத்தாரைத் தாழ்வாகக் காட்டலாகாதென்று விதி வகுத்தது. 2020இல் அந்தக் களிம்பு 'ஃபேர்' என்ற சொல்லைத் தன் பெயரிலிருந்து கைவிட்டது. பெயர் மாறிற்று, பெண் பார்க்கும் கூடம் மாறிற்றா?

வேறொரு கண்ணாடியும் தென்னாட்டு வரலாற்றில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், ஒடுக்கப்பட்டோர் இடுப்புக்குமேல் ஆடை அணியவும் தடை இருந்த தென் திருவிதாங்கூரில், சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் சிலை வைக்கவில்லை, நிலைக்கண்ணாடி வைத்தார். தலைப்பாகை கட்டி அதன்முன் நிமிர்ந்து நில்லுங்கள் என்றார். வழிபாட்டில் நாம் வேறுபடலாம். ஆனால் குனிந்தே பழகியவனைத் தன் முகத்தைத் தானே மதிக்கச் செய்த கண்ணாடி அது என்பதை மறுக்க முடியுமா?

இளைஞர்களே, ஒரு சோதனை செய்யுங்கள். கைக்கண்ணாடி ஒன்றை எடுத்து வாசல் வெயிலில் பாருங்கள். திண்ணை நிழலில் பாருங்கள். குழல் விளக்கின்கீழ் பாருங்கள். அகல் ஏற்றிப் பாருங்கள். ஒரே முகம் நான்கு நிறம் காட்டும். நான்கில் எது நும் நிறம்? விடை சொல்ல முடியாது. அவ்வாறு நொடிக்கொரு கோலம் கொள்ளும் ஒன்றை வைத்துத் தங்கையின் வாழ்வை அளப்பதும், மருமகளைத் தேர்வதும், மனிதரை மேல் கீழ் என வரிசைப்படுத்துவதும் அறிவாகுமா?

அடுத்த முறை நும் வீட்டுக் கூடத்தில் எவரேனும் "நிறம் மட்டு" என்றால், எழுந்து நின்று கேளுங்கள்: "எந்த விளக்கில் பார்த்தீர்கள்?" அதன் பிறகு, நிறத்தை எதற்காகப் பார்த்தீர்கள் என்றும் கேளுங்கள். முதல் கேள்விக்கு அறிவியல் விடை சொல்லும். இரண்டாவதற்கு அவர்கள்தாம் விடை சொல்ல வேண்டும்.