மை வேண்டாத கைநாட்டு

மலேசியாவின் ஜெராம், கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் சம்பள நாளன்று கிராணியின் மேசைக்கு மைப்பெட்டி வந்துவிடும். எழுதத் தெரிந்தவர் கையெழுத்துப் போட்டார். தெரியாதவர் பெருவிரலை உருட்டினார். ஆள் நேரில் வந்தால்தான் அந்த ரேகைக்கு மதிப்பு. வராமலே ஒப்புதல் தரும் வழியோ, பால்மரத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒரு கணக்குக்குள் ஒளிந்திருந்தது.

1973-இல் பிரிட்டிஷ் உளவு அமைப்பான ஜிசிஎச்க்யூவில் புதிதாகச் சேர்ந்திருந்த கிளிஃபர்ட் காக்ஸ், ஒரு மாலை வீட்டிலேயே அந்தக் கணக்கைப் போட்டு முடித்தார்: பூட்ட ஒரு சாவி, திறக்க வேறொரு சாவி. அலுவலக விஷயத்தை வீட்டில் எழுதக்கூடாது என்பது விதி. மனத்திலேயே சுமந்துகொண்டு தூங்கப் போனார். மறுநாள் சொன்னதும் மேலிடம் அதை ரகசியம் என்று மூடிவைத்தது.

1977 ஏப்ரல். அமெரிக்காவில் அதே கணக்கைத் தேடிய ஆய்வாளர்கள் மூவரில், ரிவெஸ்ட்டும் ஷமிரும் புதுப்புது வழிகளைக் கண்டுபிடிக்க, அடில்மன் ஒவ்வொன்றையும் உடைத்துக்கொண்டிருந்தார். யூதர்களின் பாஸ்கா விருந்து முடிந்து தூக்கம் பிடிக்காத ஓர் இரவில், உடைபடாத ஒன்று ரிவெஸ்ட்டின் கையில் சிக்கியது. சொந்தச் சாவியால் பூட்டி அனுப்பினால், அனுப்பியவர் யார் என்பதற்கு அந்தப் பூட்டே சாட்சி! வியாபாரிகள் மகிழ்ந்தார்கள்; இந்தப் பூட்டு வெளிநாட்டார் கைக்குப் போய்விடுமே என்று வாஷிங்டன் மிரண்டது.

இப்படிப் பூட்டும் மென்பொருளை அமெரிக்கா போர்த்தளவாடப் பட்டியலில் வைத்தது. வெளிநாட்டுக்கு 40 பிட் அளவுள்ள பலவீனமான சாவிதான். 1997 ஜனவரியில் இயன் கோல்ட்பர்க் என்ற மாணவர் அப்படியொரு சாவியை மூன்றரை மணி நேரத்தில் உடைத்துக் காட்டினார். இந்தக் களேபரத்துக்கு நடுவே, சாவியால் போடும் ஒப்பத்தைச் சட்டமாக்கக் கோலாலம்பூர் துணிந்து இறங்கியது.

பிரதமர் மகாதீரின் அரசு 15-க்கு 50 கிலோமீட்டரில் மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்ற தகவல் தொழில்நுட்ப வட்டாரத்தை வரைந்திருந்தது. ஜெராம் அதற்கு வெளியே. 1995-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலம் இத்தகைய ஒப்பத்துக்கென உலகில் முதலாவதாகப் போட்ட சட்டத்தை முன்மாதிரியாக்கி, 1997-இல் மலேசியா தன் சட்டம் 562-ஐ நிறைவேற்றியது. காக்ஸின் பெயரை பிரிட்டன் வெளியே விட்டதும் அதே ஆண்டு டிசம்பரில்தான்! சட்டம் நடப்புக்கு வருவதற்குள் ரிங்கிட் சரிந்தது.

டாலருக்கு 3.80 என்று ரிங்கிட்டைக் கட்டிப்போட்டு ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 1998 அக்டோபர் 1-ஆம் தேதி சட்டம் அமலானது. அதன் 62-ஆம் பிரிவு, இந்தச் சாவி ஒப்பத்தைக் கையெழுத்துக்கும் பெருவிரல் ரேகைக்கும் சமமாக்கியது. தோட்டத்து மைப்பெட்டிக்குச் சட்டப் புத்தகத்தில் இப்படியொரு மரியாதை! ஆனால் உரிமம் பெற்ற அமைப்பின் சான்றிதழ் வேண்டும் என்ற கெடுபிடிக்குச் சாதாரண வியாபாரம் மசியவில்லை.

2006-இல் மின்வணிகச் சட்டம் வந்து, எளிய மின் ஒப்பங்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. யூட்டா தன் முன்னோடிச் சட்டத்தையே அந்த ஆண்டு கைவிட்டது. மலேசியாவின் 562 மட்டும் நிலைத்தது. வருமான வரிக் கணக்கை இணையத்தில் நிரப்பி, கடைசியில் ‘கையொப்பமிட்டு அனுப்பு’ என்ற பொத்தானைத் தட்டும்போது விழுகிறதே, அந்த டிஜிட்டல் கையொப்பம் பிறந்தது இப்படித்தான்.