ஊனமும் ஓட்டுநர் உரிமமும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர்களாகிய நாம், புதிய ஊரில் முதன்முதலாக உணர்வது தூரத்தைத்தான். வீடு ஓரிடம், வேலை ஓரிடம். இடையிலே அழைத்துச் செல்ல அண்ணனோ மாமனோ அருகில் இல்லை. காலில் வலுவற்ற ஒருவருக்கு அத்தூரம் பன்மடங்காகிறது. சொந்த வண்டியும் அதை ஓட்டும் லைசென்ஸும் அவருக்கு ஆடம்பரமல்ல. உத்தியோகத்தைக் காக்கும் சாதனங்கள். அந்த லைசென்ஸ் நம் நாட்டில் அவருக்கு எவ்வாறு கிட்டிற்று என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்குமான மோட்டார் வண்டிச் சட்டம் 1914-இல் இயற்றப்பெற்றது. அதனினும் விரிவான சட்டம் 1939-இல் வந்தது. லைசென்ஸ் பெறுவதை அறவே தடுக்கும் குறைகளை அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வரிசைப்படுத்தியது. வலிப்பு, சித்தப்பிரமை, திடீர் மயக்கத்தை விளைவிக்கும் இதய நோய், வண்டிகளின் ஒலியைக் கேளாத அளவுக்குச் செவிட்டுத்தன்மை, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாமை, மாலைக்கண் ஆகியவை அதில் இடம்பெற்றன. பட்டப்பகலில் 25 கெஜத் தொலைவில் உள்ள எண் பலகையைப் படிக்க இயலாதவருக்கும் லைசென்ஸ் இல்லை.

கை கால் குறை உடையவர்களுக்கு அச்சட்டம் ஒரு சிறு வாயிலைத் திறந்து வைத்தது. 'இன்வாலிட் காரியேஜ்' என்னும் ஒருவகை வண்டியை ஓட்டத் தகுதியுடையவர் என அதிகாரி திருப்தியுற்றால், அதற்கு மட்டும் லைசென்ஸ் வழங்கலாம். இச்சொற்றொடர் இங்கிலாந்திலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் உறுப்பிழந்து திரும்பிய சிப்பாய்கள் அந்நாட்டில் பலர். அவர்களைப் போன்றோர் ஓட்டிய இலேசான வண்டிகளுக்கு 1930-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இலக்கணம் வகுத்தது. அவ்விலக்கணமே நம் சட்டத்திலும் புகுந்தது. வண்டியின் எடை ஐந்து ஹண்டர்வெயிட்டுக்கு, அதாவது சுமார் 254 கிலோவுக்கு, மேற்படலாகாது. உடற்குறை உடையவருக்கென்றே தனியாக வடிவமைத்துக் கட்டப்பெற்றதாக அது இருத்தல் வேண்டும்; வேறொரு வண்டியை மாற்றியமைத்ததாக மட்டும் இருத்தல் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையே நம் கதையின் உயிர்நாடி. 1988-ஆம் ஆண்டின் புதிய சட்டம், 1989 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தபோது, எடை வரம்பை விட்டுவிட்டது. ஆயின் அந்நிபந்தனையை அப்படியே வைத்துக்கொண்டது.

நடைமுறையோ வேறு. நம் ஊர்களில் போலியோவால் கால் சூம்பியவர்கள் எத்தனையோ பேர். இந்தியாவில் போலியோவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் காணப்பட்டார். 2014-இல் நாடு அந்நோயினின்றும் விடுபட்டதாகச் சான்று பெற்றது. எனினும் முன்னரே பாதிக்கப்பட்ட தலைமுறை நம்மிடையே வாழ்கிறது. பழைய ஸ்கூட்டரைக் காலால் உதைத்துக் கிளப்ப வேண்டும். பின் பிரேக்கும் காலில். 1984-இல் கினெடிக் ஹோண்டா வந்தது. கியர் மாற்றும் வேலையில்லை. பொத்தானை அழுத்தினால் கிளம்பும். இத்தகைய வண்டிக்கு ஊர் மெக்கானிக் இருபுறமும் துணைச் சக்கரம் பூட்டித் தந்தார். அதுவே பலரை அலுவலகத்துக்கும் கடைக்கும் கொண்டு சேர்த்தது. சட்டம் கேட்டது தனியாகக் கட்டிய வண்டி. தெருவில் ஓடியதோ மாற்றியமைத்த வண்டி! போதாக்குறைக்கு, தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதற்கான விதிகளை 2000-ஆம் ஆண்டின் திருத்தம் மேலும் இறுக்கியது. லைசென்ஸில் பொறித்த 'இன்வாலிட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குச் 'செல்லாதது' என்றும் பொருளுண்டு. அச்சொல்லைச் சட்டைப் பையில் சுமந்து திரிந்தவரின் மனம் எவ்வாறு இருந்திருக்கும்!

இதனிடையே வேறு கதவுகள் திறந்தன. செவி கேளாதோர் சங்கம் தொடுத்த வழக்கில், 2011 பிப்ரவரியில் டில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: செவி கேளாதவரும் விண்ணப்பிக்கலாம், தேர்வில் தேறினால் லைசென்ஸ் வழங்க வேண்டும். வண்டி ஓட்டுதல் பெரிதும் கண்ணின் வேலையே என்னும் மருத்துவக் கருத்தை ஏற்று, மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2016-இல் மாநிலங்களுக்கு எழுதியது. நிறப் பேதம் அறிவதில் இலேசான அல்லது நடுத்தரக் குறை உடையவர்களுக்கு 2020 ஜூனில் விதி தளர்ந்தது. கடுமையான குறை உடையவர்களுக்குத் தடை நீடித்தது.

2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 'இன்வாலிட் காரியேஜ்' என்னும் பெயரை நீக்கி, 'மாற்றியமைக்கப்பட்ட வண்டி' என்பதை அவ்விடத்தில் வைத்தது. தனியாகக் கட்டியதும் சரி, பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு மாற்றியதும் சரி, இரண்டும் இனி அதில் அடங்கும். 1939-இல் புகுந்த நிபந்தனை இவ்வாறு 80 ஆண்டுகள் கழித்து அகன்றது. 2023 டிசம்பரில் கேரளத்தில் பிறவியிலேயே இரு கைகளும் இல்லாத ஒரு பெண்மணி லைசென்ஸ் பெற்றார். கால்களால் காரை ஓட்டும் அவருக்கு, விளக்கு முதலியவற்றைக் குரலால் இயக்கும் கருவிகள் துணை நிற்கின்றன.

எனினும் ஓர் இடர் எஞ்சியுள்ளது. எவ்வகை வண்டிக்கு விண்ணப்பிக்கிறோமோ அவ்வகை வண்டியிலேயே தேர்வு நடைபெறும். மாற்றியமைத்த வண்டியை இரவல் தருவார் யார்? லைசென்ஸ் கைக்கு வருமுன்பே, தேறுவோமோ என்னும் ஐயத்தோடு, பணத்தைப் போட்டு வண்டி வாங்க வேண்டியிருக்கிறது. சுற்றத்தாரில்லாத ஊரில் இச்சுமை மேலும் கனக்கிறது.

வெளி மாநிலத்தில் வாழும் நாம் இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ளுதல் நலம். லைசென்ஸுக்காக ஊருக்குத் திரும்ப வேண்டுவதில்லை. வசிக்கும் மாநிலத்திலேயே விண்ணப்பிக்கலாம். அங்கே பெற்ற லைசென்ஸ் இந்தியா முழுவதும் செல்லும். ஆர்.டி.ஓ. அலுவலகச் சன்னலில், காலைப் பார்த்த மாத்திரத்தில் ஒருவர் கையை விரித்தால், நாம் தலை குனிந்து திரும்ப வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் திருத்தத்தை எடுத்துச் சொல்லி, ஓட்டிக் காட்டுகிறோம், தேர்வு வையுங்கள் என்று கேட்போமாக.